வெள்ளை பூத்த மூணு துளை

பேட்டை,
12.9.2025

தங்கச்சி டெல்பினுக்கு, இர்ஷாத் எழுதுதேன்.

போன் போட்டுப் போட்டு ஓஞ்சு போனேன். என் நம்பரையே அடைச்சு வச்சிருக்கீங்கன்னு உங்க கொழுந்தன் ரெக்சன் சொன்னான். சேதி வந்து மூணாம் நாள் நான் மணற்குடிக்கு வந்தப்பவும் வாசல்லயே நிக்க வச்சுட்டு கதவைச் சாத்திட்டீங்க. உங்க மாமனார் பவுல்ராஜ்தான் ஒரு செம்பு தண்ணி குடுத்து, "போயிட்டு வாப்பா"ன்னு சொன்னாரு. நான் கோவிச்சுக்கல. துக்க வீட்டுல கோவத்துக்குக் கணக்கு பாக்கக் கூடாது.

உங்க வீட்டுக்காரன் கெவின் எனக்கு யாருன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஐ.டி.ஐ.ல ரெண்டு வருசம் ஒரே பெஞ்சு. எங்க வீட்டு நோன்புக் கஞ்சி அவனுக்கு, உங்க வீட்டு கருவாட்டுக் குழம்பு எனக்கு. என் நிக்காஹ்வுல பந்தி பரிமாறினதே அவன்தான். கடலுக்குப் போனவன் வரல, வள்ளம் பாறைப்பக்கம் கவுந்து கிடக்குன்னு சேதி வந்தன்னைக்கு எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. கூடப் போன ஜெபகனி உடம்பாவது கரை ஒதுங்குச்சு. இவன் உடம்பு கூட இன்னும் கிடைக்கலையே அல்லாவே.

அவன் குடிச்சுட்டு ஓட்டி பாறையில மோதிட்டான்னு ஊர்ல பேசுதாவளாம். பச்சைப் பொய். கரையில இருக்கும்போது ரெண்டு கிளாஸ் போடுவான், இல்லைன்னு சொல்லல. தண்ணியில கால வச்சுட்டா அவன் வேற ஆளு. நீங்க அதைக் காதுல வாங்காதீங்க.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, வேற என்னன்னாலும் கூசாம சொல்லுங்க. முஃபீதாவும் உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னா.

இர்ஷாத்


மணற்குடி,
20.9.2025

இர்ஷாத் அண்ணனுக்கு டெல்பின் எழுதுவது.

உங்க குரலைக் கேக்க என்னால முடியல. அதான் போனை எடுக்கல. எழுத்துன்னா பொறுத்துக்கிடலாம், மடக்கி வச்சுட்டு அப்புறமா படிக்கலாம்.

செலவுக்கு எங்க மாமா இருக்காவ. நீங்க தர வேண்டியது அது இல்ல.

காதுல வாங்காதீங்கன்னு லேசா எழுதிட்டீங்க. தண்ணித் தொட்டியில குடத்தை வச்சா, ஜெபகனி பெண்டாட்டி ஸ்டெபி அதை எடுத்து எறியுதா. "குடிகாரன் வீட்டுக் குடத்துக்கு இங்க என்ன வேலை"ங்கா. ஒரு வயசுப் பிள்ளையை இடுப்புல வச்சிருக்கிறவ, அவளை நான் என்ன சொல்ல? போன ஞாயித்துக்கிழமை ஊர்க் கமிட்டி கூடிச்சு. கல்லறைத் திருநா அன்னைக்கு கடல்ல செத்தவுக பேரையெல்லாம் கோயில்ல வாசிப்பாவல்லா, இந்த வருசம் ஜெபகனி பேரு உண்டு, எங்க வீட்டு அவிய பேரு கிடையாதாம். அடுத்த ஆளையும் சேத்துக் கொன்னவன் பேரை எப்படி வாசிக்கன்னு ஸ்டெபி அண்ணன்மார் எழும்பி நின்னுட்டாவ. புதைக்க உடம்பும் இல்ல, வாசிக்க பேரும் இல்லன்னா அவிய இருந்ததுக்கு என்னதான் மிச்சம்? மாமா தலையைத் தொங்கப் போட்டுட்டு வந்து படுத்தவரு, ரெண்டு நாள் எந்திரிக்கல.

இனி விசயத்துக்கு வாரேன். பதினாறாம் தேதி ரெக்சன் வலையில ஒரு பலகை வந்துச்சு. வள்ளத்துப் பின்பலகை, எஞ்சின் மாட்டுற இடம். பாதிதான் இருக்கு. நாலு துளை. நீங்க போட்ட துளை. ஒண்ணுல மட்டும் போல்ட் முறிஞ்சு அப்படியே நிக்குது. மத்த மூணும் வாய் பிளந்து கிழிஞ்சு கிடக்கு, எஞ்சினே பிடுங்கிட்டுப் போன மாதிரி. நான் அரிவாமணையால உள்பக்கத்து நீலப் பெயிண்டைச் சுரண்டிப் பாத்தேன். அந்த மூணு துளையைச் சுத்தியும் வெள்ளை வெள்ளையா வட்டம். போல்ட் நிக்கிற துளையில அது இல்ல.

நீங்கதான் துளை போடுறதுல மன்னன்னு அவிய பெருமை பேசுவாவ. அந்த வெள்ளை என்னது? எழுத்துல எழுதி அனுப்புங்க.

டெல்பின்


பேட்டை,
26.9.2025

தங்கச்சி டெல்பினுக்கு,

கடிதாசி கிடைச்சுது. பட்டறையில, கரண்டு எடுக்கிற காத்தாடி மூக்குக்கு வைக்கிற ஃபைபர் மூடி நூத்தம்பது வந்து கிடக்கு, ஒவ்வொண்ணுலயும் முப்பத்தாறு துளை. அதான் ரெண்டு நாள் தாமதம்.

நீங்க கேட்டதைச் சொல்லுதேன். ஃபைபர்ங்கிறது இரும்பு மாதிரி ஒரே கட்டி கிடையாது. கண்ணாடி நார் பாயை ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சு, ரெசின் ஊத்தி ஒட்ட வச்சது. சப்பாத்தி அடுக்கின மாதிரின்னு வைங்க. உங்க வள்ளத்துப் பின்பலகையில நடுவுல ஒட்டுப்பலகையும் உண்டு. டிரில் பிட்டு உள்ள நுழையும்போது மேல் அடுக்கைப் பிடிச்சு இழுக்கும், வெளிய வரும்போது கடைசி அடுக்கைத் தள்ளும். அதுக்குத்தான் பின்னால ஒரு மரக்கட்டையை இறுக்கி முட்டுக் குடுக்கது. பிட்டு கூரா இருக்கணும், சுத்து வேகமா இருக்கணும், கை பைய இறங்கணும். அமுக்கக் கூடாது, அதுவா தின்னுட்டுப் போகணும். இதுல ஒண்ணு தப்புனாலும் கடைசி அடுக்கு ரெசினை விட்டுப் பிரிஞ்சிரும். பிரிஞ்ச இடத்துல காத்து ஏறி வெள்ளையாத் தெரியும். நாங்க வெள்ளை பூத்துட்டுன்னு சொல்லுவோம்.

ஆனா ஒண்ணு. பாறையில இடிச்சாலும் அப்படி வெள்ளை பூக்கும். எஞ்சின் பிச்சுட்டுப் போற வேகத்துலயும் பூக்கும். மூணு வாரம் கடல்ல ஊறினா பெயிண்டுக்கு அடியில உப்புக் கூட வெள்ளையாப் படியும். பார்த்த உடனே இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது.

வேணும்னா ஒண்ணு செய்யுங்க. ஒரு ஐஞ்சு ரூவாத் துட்டை எடுத்து பலகையில தட்டிக்கிட்டே வாங்க. அடுக்கு ஒட்டியிருக்கிற இடத்துல கணீர்னு கேக்கும். பிரிஞ்ச இடத்துல பொத்துபொத்துன்னு கேக்கும்.

ஒரு சந்தேகம். பலகை முழுக்க நீலப் பெயிண்டு அடிச்சிருக்கே, அதுக்கு அடியில சுரண்டிப் பாக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?

இர்ஷாத்


மணற்குடி,
3.10.2025

இர்ஷாத் அண்ணனுக்கு,

தட்டிப் பாத்தேன். குசினியில, அடுப்படிக் கதவைச் சாத்திட்டு, பிள்ளை தூங்கினப்புறம் தட்டினேன். ஓரத்துல எல்லாம் கணீர்னுதான் கேட்டுது. போல்ட் நிக்கிற துளைக்குப் பக்கத்துலயும் கணீர்தான். மத்த மூணு துளையையும் சுத்தி ஒரு சாண் தூரத்துக்கு பொத்துபொத்து. அழுகின பூசணிக்காயைத் தட்டுன மாதிரி. கீழ நடுவுல இருக்க ஒட்டுப்பலகை கறுத்துக் கிடக்கு. விரலை விட்டா புட்டு மாதிரி உதிருது. அது மூணு வாரத்துல ஊறினதான்னு ரெக்சன் கிட்ட கேட்டேன். இது நாலு மாசத் தண்ணின்னு அவன் சொல்லிட்டான்.

பாறைங்கீங்க. பலகையோட வெளிப்பக்கத்துல ஒரு கீறல் உண்டா? நகத்தால தடவிப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. முன்பக்கம் பாறையில இடிச்சது எஞ்சின் போய், வள்ளம் தண்ணி ஏறி, அலை கொண்டு போய்ப் போட்டப்புறம். அவிய அதுக்கு முன்னமே கடல்ல விழுந்துட்டாவ.

அண்ணே, நீங்க பொய் சொன்னா நிறையப் பேசுவீங்கன்னு அவிய சொல்லியிருக்காவ. உண்மைன்னா ஒத்த வார்த்தைதானாம். போன கடிதாசி ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க.

நாலு துளையையும் ஒரே நாள்ல, ஒரே கையால நீங்கதான் போட்டீங்க. ஒண்ணு மட்டும் எப்படி சுத்தமா இருக்கு? மத்த மூணுக்கும் என்ன ஆச்சு? உங்க மகள் தலையில கைய வச்சுட்டு எழுதுங்க.

டெல்பின்


பேட்டை,
11.10.2025

தங்கச்சி,

ஆறு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன். முஃபீதா இதை எழுத வேண்டாம்னு அழுதா. எழுதுதேன்.

மே மாசம் ரெண்டாந்தேதி, உங்க ஊர்க் கொடியேத்தம். புது வள்ளத்தை நாலு மணிக்குச் சாமியார் மந்திரிக்கணும். எஞ்சின் வந்து சேரவே மதியம் ஆயிட்டு. கெவின் காலைலயே போன் போட்டு, "ஏலே, உன் கையாலதான் துளை போடணும், வேற எவனையும் தொட விடமாட்டேன்"னான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கூடப் போகாம பஸ் ஏறிட்டேன். பட்டறையில நல்ல பிட்டு வேலையில இருந்துச்சு. எடுத்தா நாறும்பூநாதன் அண்ணாச்சி, அதான் எங்க முதலாளி, சத்தம் போடுவாரு. பையில கிடந்த பழசை எடுத்துட்டு வந்தேன். அது முனை மழுங்கினதுன்னு எனக்குத் தெரியும். நாலே துளைதானேன்னு நினைச்சேன்.

அன்னைக்கு உங்க ஊர்ல கரண்டு இல்ல. பேட்டரி டிரில்தான். மொதத் துளைக்கு கெவின் வள்ளத்துக்கு உள்ள உக்காந்து, கட்டையை நெஞ்சோட சேத்து முட்டுக் குடுத்தான். சுத்தமா இறங்குச்சு. அப்ப சாமியார் வண்டி வந்துட்டுன்னு யாரோ கத்தினாங்க. "ஒரு நிமிசம்லே, வந்துருதேன்"ன்னு அவன் கட்டையைப் போட்டுட்டு ஓடினான்.

நான் நின்னிருக்கணும். ஒரு அஞ்சு நிமிசம் நின்னிருந்தா போதும். பேட்டரி இறங்கிட்டே வருது, சுத்தி அத்தனை சனம், கொட்டுச் சத்தம், எல்லாரும் என்னையே பாக்காவ. முட்டுக் கட்டை இல்லாம நானே ரெண்டாவதைப் போட்டேன். சுத்து கம்மியாயிட்டு. நெஞ்சைக் குடுத்து அமுக்கினேன். படக்குன்னு வெளிய போச்சு. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குத் தெரியும், அடுக்கு போச்சுன்னு. தெரிஞ்சும் மூணாவதைப் போட்டேன், நாலாவதையும் போட்டேன். துளை விளிம்புக்கு ரெசின் தடவி அடைக்கணும், இல்லேன்னா நடுப்பலகைக்குத் தண்ணி போயிரும். அது காய மூணு மணி நேரம் ஆகும். அதையும் தடவல.

கெவின் திரும்பி வந்து உள்ள குனிஞ்சு பாத்தான். "இது என்னலே, வெள்ளையா இருக்கு?"ன்னு கேட்டான். "ஒண்ணுமில்லலே, தூசி. பெயிண்டு அடிச்சா மறைஞ்சுரும்"னு சொன்னேன். அவன் என் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சான். "சரிலே, வா சாப்பிடுவோம்"னான். நான் சொன்னா அவன் நம்புவான். உங்க கையால கறிச்சோறு தின்னுட்டு அஞ்சு மணி பஸ்ஸுல ஏறி வந்துட்டேன்.

பேட்டையில இந்த வருசம் மட்டும் பத்தாயிரம் துளை போட்டிருப்பேன். ஒண்ணுல வெள்ளை பூத்தாலும் அண்ணாச்சி அந்த மூடியைத் தூர எறிஞ்சிருவாரு. முன்னப்பின்ன தெரியாதவனோட காத்தாடி மூடிக்கு அத்தனை பக்குவம் பாக்கேன். என் கெவினுக்குப் பாக்கல.

நான்தான் கொன்னேன். ரெண்டு பேரையும்.

இர்ஷாத்


மணற்குடி,
15.10.2025

இர்ஷாதுக்கு,

படிச்சேன்.

வர்ற இருபத்தாறாந்தேதி ஞாயித்துக்கிழமை, ரெண்டாம் பூசை முடிஞ்சு கமிட்டி கூடும். நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாவுக்கு முந்தி அதுதான் கடைசிக் கூட்டம். நீங்க வந்து, எனக்கு எழுதினதை எல்லார் முன்னாலயும் உங்க வாயால சொல்லணும். ஸ்டெபி முகத்தைப் பாத்துச் சொல்லணும். கடிதாசியை நான் காட்டினா நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாவ.

வரலைன்னா பலகையைத் தலையில தூக்கிக்கிட்டு நான் பேட்டைக்கு வருவேன். உங்க பட்டறை வாசல்ல போட்டுட்டு உக்காந்துருவேன்.

டெல்பின்


பேட்டை,
21.10.2025

தங்கச்சி டெல்பினுக்கு,

வாரேன்.

அண்ணாச்சி கிட்ட சொல்லிட்டேன். "பத்து வருசமா என் பட்டறை உன் கையை நம்பித்தான் ஓடுது. இதை ஊருக்குச் சொன்னா எனக்கு எவன்லே வேலை தருவான்? போய்ச் சொல்லணும்னா, சாவியை வச்சுட்டுப் போ"ன்னாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. சாவியை வச்சுட்டேன். கேஸ் போடுவாங்கன்னு முஃபீதா பயப்படுதா. போட்டா போடட்டும்.

ஒண்ணே ஒண்ணுதான். ஸ்டெபி பிள்ளையைத் தூக்கிட்டு வருவாளா? பிள்ளையைப் பாத்தா எனக்கு வாய் வருமான்னு தெரியல. இருந்தாலும் வாரேன்.

இர்ஷாத்


மணற்குடி,
4.11.2025

இர்ஷாத் அண்ணனுக்கு டெல்பின் எழுதுவது.

உங்க நெத்திக் காயம் எப்படி இருக்கு? தையல் போட்டாவளா? ஸ்டெபியோட பெரிய அண்ணன் நாற்காலியைத் தூக்குவான்னு நான் சத்தியமா நினைக்கல. ரெக்சன் நடுவுல விழலைன்னா என்ன ஆயிருக்குமோ, மாதாவே. நீங்க கையைக் கூடத் தூக்கல. பஸ் ஏறும்போது நீங்க நெத்தியில கட்டியிருந்த லேஞ்சித் துணி முழுக்க ரத்தமா இருந்துச்சுன்னு ரெக்சன் சொன்னான்.

முந்தாநாள் பேரு வாசிச்சாவ. ஜெபகனி பேரு முதல்ல, அவிய பேரு அடுத்தாப்ல. "பவுல்ராஜ் மகன் கெவின்"னு சாமியார் வாசிச்சப்ப மாமா எழும்பி நின்னு, கையைக் கூப்பிக்கிட்டு அழுதாவ. பூசை முடிஞ்சு ஸ்டெபி என் பக்கத்துல வந்து நின்னா. அவ பிள்ளை என் சேலையைப் பிடிச்சு இழுத்துச்சு, விலக்காம அப்படியே நின்னா. இன்னைக்குக் காலைல என் குடத்தை அவளே தொட்டிக்கடியில வச்சா.

இதுக்குத்தானே அத்தனை சண்டையும். எல்லாம் கிடைச்சுட்டு. சோறுதான் இறங்க மாட்டேங்குது.

அண்ணே, நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, நான் பதில் எழுதல. பெயிண்டுக்கு அடியில சுரண்டிப் பாக்க எனக்கு எப்படித் தோணுச்சுன்னு கேட்டீங்க.

அந்தப் பெயிண்டை அடிச்சதே நான்தான்.

நீங்க அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனப்புறம் அவிய என்னை வள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. டார்ச்சை அடிச்சு அந்த மூணு துளையையும் காட்டினாவ. "இர்ஷாத் அவசரத்துல அமுக்கிட்டான். தூசிங்கான் பய"ன்னு சிரிச்சாவ. "திரும்பப் போடச் சொல்லுங்க"ன்னு சொன்னேன். "ஜும்ஆவைக் கூட விட்டுட்டு எனக்காக ஓடி வந்திருக்கான். இதைச் சொன்னா கூசிச் செத்துருவான். திருநா முடியட்டும், ஒரு ஞாயித்துக்கிழமை நானே ரெசின் தடவி அடைச்சிருதேன். நீ இப்ப பெயிண்டை அடி, வர்றவன் எவனும் பாத்துட்டு அவனைச் சொல்லிறக் கூடாது"ன்னாவ. நான் டப்பாவைத் திறந்து அடிச்சேன். ரெண்டு கோட்டு அடிச்சேன், நல்லா மறையணும்னு.

அந்த ஞாயித்துக்கிழமை வரவே இல்ல. வலையில சாளை நல்லாப் பட்டுச்சு, அப்புறம் கணவாய், அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல். நானும் ஞாபகப்படுத்தல. நாலு மாசம் தினமும் அந்த நீலத்தைப் பாத்துக்கிட்டேதான் வலையை எடுத்துக் குடுத்தேன்.

அவியளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஜெபகனியைக் கூட்டிட்டுப் போனாவ. இதை நான் ஸ்டெபி கிட்ட சொன்னா அடுத்த வருசம் அவிய பேரை வாசிக்க மாட்டாவ. மாமா உசுரை விட்டுருவாரு. அதனால சொல்ல மாட்டேன். நாற்காலி உங்க தலையில விழுந்தப்ப நான் பொம்பளைகளோட நின்னேன், வாயைத் திறக்கல. உங்க ரத்தத்தை வச்சு அவிய பேரை வாங்கிட்டேன். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட இதை என்னால சொல்ல முடியல. உங்ககிட்ட சொல்லுதேன். இந்தக் கடிதாசியை நீங்க யார்கிட்ட காட்டினாலும் நான் தடுக்க மாட்டேன்.

டெல்பின்


சேரன்மகாதேவி,
13.11.2025

தங்கச்சி டெல்பினுக்கு,

இப்ப முஃபீதாவோட அம்மா வீட்டுல இருக்கோம். ஆறு தையல், பிரிச்சாச்சு. ஆத்துல தண்ணி பாலத்தடி வரைக்கும் ஏறிக் கிடக்கு, வயல் வேலைக்கு யாரும் கூப்பிடல. டிரில்லையும் வித்துட்டேன்.

உங்க கடிதாசியை இதோட திருப்பி அனுப்பியிருக்கேன். பத்திரமா அடுப்புல வச்சிருங்க. என்கிட்ட இருக்க வேண்டாம். ஸ்டெபிக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லியாச்சு. கெவின் பேரு வாசிச்சது வாசிச்சதாவே இருக்கட்டும். நீங்க பெயிண்டு அடிச்சதுக்கும் நான்தான் காரணம். தூசின்னு சொன்னது நான்தானே.

ஆனா ஒண்ணை என்னால தாங்க முடியல தங்கச்சி. இத்தனை நாளும், அவன் என்னை நம்பிச் செத்தான்னு நினைச்சு அழுதேன். இப்ப பாத்தா, நான் பொய் சொல்லுதேன்னு தெரிஞ்சுதான் சிரிச்சிருக்கான். எனக்கு வலிக்கக் கூடாதுன்னு வாயை மூடிட்டு, நாலு மாசம் அந்த வள்ளத்துல போயிருக்கான். ஐ.டி.ஐ.ல என் நோட்டைப் பிடுங்கி எறிஞ்சவன், நிக்காஹ் அன்னைக்குக் கூட என்னை மொக்கைப் பயலேன்னு கூப்பிட்டவன்.

அன்னைக்கும் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்லா. "ஏலே மொக்கைப் பயலே, வெள்ளை பூத்திருக்குலே, திரும்பப் போடுலே"ன்னு எல்லார் முன்னாலயும் என் பிடரியில ஒண்ணு போட்டிருக்கலாம்லா. நான் கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் போயிருப்பேன். ரெண்டு நாள் கழிச்சு நல்ல பிட்டோட வந்திருப்பேன்.

இர்ஷாத்